உறிஞ்சும் சத்தத்துக்கு மதிப்பெண்

எங்கள் ருசி அறையில் பேசக்கூடாது. சுவரில் பெரிய எழுத்தில் எழுதியே ஒட்டியிருக்கிறார்கள். ஒருவர் 'ஆகா' என்றாலோ உச்சுக்கொட்டினாலோ அடுத்தவரின் நாக்கு அதன் பின்னாலேயே போய்விடும் என்று பயம். முகத்தைச் சுளிக்கவும் கூடாது. அவரவர் தாளில் அவரவர் மதிப்பெண்ணை எழுதிக் கவிழ்த்து வைத்துவிட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்த நேர்மையைப் பார்த்து எனக்குப் புல்லரித்தது. இப்போது அந்தச் சுவரைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

ஏனென்றால் பேசக்கூடாது என்றார்களே தவிர, உறிஞ்சக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. காப்பியைச் சோதிப்பவர்கள் அதைக் குடிப்பதில்லை. கரண்டியில் எடுத்து, உதட்டருகே வைத்து, காற்றோடு சேர்த்து ஒரே இழுப்பாக உறிஞ்ச வேண்டும். அப்போதுதான் அது தூறலாகச் சிதறி நாக்கு முழுவதும் படும், வாசனை தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும். பிறகு கையிலிருக்கும் குவளையில் துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்குப் போக வேண்டும். வீட்டில் இப்படி உறிஞ்சினால் அம்மாவிடம் உதை விழும். இங்கே சத்தமாக உறிஞ்சுகிறவர்தான் கெட்டிக்காரர்.

எங்கள் தலைமை ருசியாளருக்குப் 'பெரிய நாக்கு' என்று பட்டப்பெயர். அவர் முன்னாலேயே சொல்லலாம், சந்தோஷப்படுவார். என் அக்காவின் கணவர்தான். வீட்டில் அத்தான், வேலையிடத்தில் சார். மனுஷன் தங்கம் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்வேன். ஆனால் அவருடைய உறிஞ்சலில் இரண்டு வகை உண்டு. காப்பி பிடித்திருந்தால் புதுத் துணியைக் கிழிப்பதுபோல் நீளமாக ஒரு இழுப்பு, உடனே அதே கோப்பையில் இன்னொன்று. பிடிக்காவிட்டால் 'சுக்' என்று குட்டையாக ஒன்றோடு நகர்ந்துவிடுவார். இப்படி ஒரு பழக்கம் தனக்கு இருப்பது அவருக்கே தெரியாது. மேசையைச் சுற்றி நிற்பவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

நிற்பவர்கள் என்றால் என்னைச் சேர்த்து நாலு பேர். முன்பு தேயிலைக் கம்பெனியில் இருந்ததால் டீக்காரர் என்று ஆகிப்போனவர் ஒருவர். முதலாளியின் மருமகன் ஒருவர். முதலாளி அவரை மாப்பிள்ளை என்று கூப்பிடப் போய், வாசல் காவலாளி உட்பட எல்லோருக்கும் அவர் மாப்பிள்ளைதான். மூன்றாவது, கோப்பை ஆவி படியப்படிய மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருக்கும் கண்ணாடியக்கா. மூன்று பேரும் கண்ணை மூடிக்கொண்டு கோப்பைக்கு மேல் குனிந்திருப்பார்கள். பார்த்தால் தியானம் என்றே தோன்றும். காது மட்டும் மேசையின் மறுமுனையில் இருக்கும். பெரிய நாக்கு நீளமாக இழுத்தால் மூன்று பேனாவும் ஒன்றாகக் கிளம்பும். குட்டையாக இழுத்தால் மூன்று பேரும் எதுவோ கசந்த மாதிரி உதட்டை மடித்துக்கொள்வார்கள்.

இது போதாதென்று இன்னொரு விதி. ஒருவருடைய மதிப்பெண் மற்றவர்களுடையதிலிருந்து ரொம்பவும் தள்ளிப்போனால் அதைக் கணக்கில் சேர்க்கமாட்டார்கள். அவருக்கு 'நாக்கு விலகிவிட்டது' என்று முடிவுகட்டுவார்கள். விலகிய நாக்கைத் தனி அறையில் உட்காரவைத்து உப்புத் தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர், எலுமிச்சைத் தண்ணீர் என்று மாற்றி மாற்றிக் குடிக்கக் கொடுத்துச் சரிசெய்வார்கள். அந்த அறைக்கு அதிகம் போனவள் நான்தான். மற்ற மூவரும் அதன் வாசலைக்கூட மிதித்ததில்லை. அவர்களுடைய நாக்கு அவ்வளவு ஒழுங்கு என்று ஒரு கூட்டத்தில் முதலாளி புகழ்ந்தார். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு கைதட்டினேன்.

அன்று காலை வரவேற்பறையில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். வெளியே வெயில் கொளுத்துகிறது, அவர் கம்பளிச் சட்டையைக் கழற்றவில்லை. மலையிலிருந்து இறங்கி வருகிற அவசரத்தில் மறந்துவிட்டதாம். தண்ணீர் கொடுத்து, எந்த மலை என்று கேட்டேன். கேட்கக்கூடாதுதான். யாருடைய காப்பி என்று தெரியாமல்தான் நாங்கள் ருசிக்க வேண்டும். ஆனால் அன்றைக்கு மேசைக்கு வருவதே ஒரே ஒரு தோட்டத்துக் காப்பி, வாசலில் இருப்பதோ ஒரே ஒரு அம்மாள். இதில் என்ன ரகசியம் வேண்டிக்கிடக்கிறது.

மலைக்காரம்மா கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். தோட்டம் மலையின் உச்சிச் சரிவில் இருக்கிறதாம். பனிமூட்டம் மதியம் வரை விலகாதாம். அப்பா வைத்த பழைய வகை மரங்கள், ஏணி போட்டுத்தான் பறிக்க முடியும், காய்ப்பது கொஞ்சம்தான். கீழ்ச் சரிவுகளில் பழம் பறித்து, உலர்த்தி, விற்றே முடித்திருப்பார்கள். இவருடைய மரத்தில் அப்போதுதான் பழம் சிவக்கத் தொடங்குமாம். அந்தக் குளிரில் மெதுவாகப் பழுப்பதால் கொட்டை கல் மாதிரி இறுகியிருக்கும், இனிப்பெல்லாம் உள்ளேயே தங்கும். இது எனக்குத் தெரிந்த சங்கதிதான், இருந்தாலும் அவர் சொல்லக் கேட்க நன்றாக இருந்தது.

அவருடைய தம்பிக்குப் பொறுமை போய்விட்டது. மரத்தையெல்லாம் அறுத்துவிட்டுச் சீக்கிரம் காய்க்கிற ஏதாவது வைக்கலாம் என்று நாலு வருஷமாகப் பிடுங்கி எடுக்கிறான். கடைசியில் அக்காவும் தம்பியும் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். எங்கள் கம்பெனியின் 'தனி முத்திரை' கிடைத்தால் மரங்கள் நிற்கும். கிடைக்காவிட்டால் மறுநாள் காலை ரம்பக்காரர்கள் வருவார்கள். ஆளைப் பேசி வைத்தாயிற்று.

"சாயந்தரத்துக்குள்ள அவனுக்கு போன் பண்ணிச் சொல்லணும்மா," என்றார். "இல்லேன்னா அவன் பாட்டுக்கு அறுத்துடுவான். கோவக்காரன்."

தனி முத்திரை என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். தொண்ணூறு மதிப்பெண்ணுக்கு மேல் வாங்கும் காப்பிக்கொட்டையைச் சின்னத் தகர டப்பாவில் போட்டு, தோட்டத்தின் பெயரையும் மலையின் உயரத்தையும் அச்சடித்து விற்போம். அதை வாங்குகிறவர்களை நீங்கள் பார்க்க வேண்டும். நகை வாங்கியதுபோல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போவார்கள். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு முதலில் டப்பாவைக் காட்டுவார்கள், காப்பி பிறகுதான். சர்க்கரை கேட்ட விருந்தாளியைக் கொலைகாரனைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு அந்த டப்பாவில் வறுத்த புளியங்கொட்டையைப் போட்டுக் கொடுத்தாலும் மலைக்காற்று வீசுகிறது என்பார்கள்.

இவ்வளவு கிண்டல் செய்கிற நானும் அந்தக் கொட்டைக்கு அடிமைதான். எப்போதாவது உண்மையான ஒன்று மேசைக்கு வந்துவிடும். அதற்காகத்தான் இந்த வேலையில் ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.

அன்று வந்தது. ஐந்து கோப்பைகளில் பொடி போட்டு வெந்நீர் ஊற்றியதுமே மேலே கட்டிய நுரையிலிருந்து ஏதோ கிளம்பியது. கரண்டியால் நுரையை விலக்கிக் குனிந்தேன். மூடிய அறையில் ஆரஞ்சை உரித்தால் வருமே, அந்த வாசனை. உறிஞ்சினேன். முதலில் பழப்புளிப்பு, கூசாத புளிப்பு. அதன் பின்னால் தேன். துப்பிய பிறகும் நாக்கின் ஓரங்களில் ஒரு இனிப்பு போகாமல் நின்றது. ஆற ஆற அது வேறொன்றாக மாறியது. சூட்டில் ஆரஞ்சாக இருந்தது வெதுவெதுப்பில் பூவாயிற்று. நான் ஐந்து கோப்பையையும் மூன்று சுற்று வந்தேன். யார் எப்படி உறிஞ்சினார்கள் என்று எனக்குத் தெரியாது. காது என்று ஒன்று இருப்பதே மறந்துபோனது. தொண்ணூற்றிரண்டு என்று எழுதினேன். வெட்கம் கெட்ட சந்தோஷம்.

தாளைக் கவிழ்த்துவிட்டு நிமிர்ந்தபோது பெரிய நாக்கு அறையிலேயே இல்லை. கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டார் என்றார் மாப்பிள்ளை. பிறகு அவரே தாள்களைத் திருப்பி வாசித்தார். எழுபத்தாறு. எழுபத்தைந்து. எழுபத்தாறு. என்னுடையதை வாசித்தபோது டீக்காரர் சிரிப்பை அடக்க இருமினார். பெரிய நாக்கின் தாள் மேசையில் இல்லை. ஆனால் விதிப்படி ஒத்துப்போகும் மூன்று தாள் இருந்தால் போதும். என் தாளில் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு விழுந்தது. தனி முத்திரை இல்லை, கலவைக் காப்பிக்கான மூட்டையோடு சேர்க்கலாம் என்று முடிவாயிற்று.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. அது எப்படி எழுபத்தாறு, என்ன குறை கண்டீர்கள் என்று கண்ணாடியக்காவை மடக்கினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, கொஞ்சம் தட்டையாக இருந்ததாகச் சொன்னார். டீக்காரர் புகைவாடை என்றார். மாப்பிள்ளை யோசித்துவிட்டு ஈரச்சாக்கு வாசனை என்றார். மூன்று பேருக்கு மூன்று குறை, ஆனால் மதிப்பெண் மட்டும் அண்ணன் தம்பி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது.

டீக்காரர் என்னைத் தனியே அழைத்து நல்ல புத்தி சொன்னார். சார் ஒரே ஒரு முறைதான், அதுவும் சத்தமே வராமல் உறிஞ்சினாராம். உடனே கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு ஓடினாராம். இத்தனை வருஷத்தில் எந்தக் காப்பிக்கும் அவர் இப்படி அருவருப்பு காட்டியதில்லையாம். "நாங்க உன்னைக் காப்பாத்தத்தான் பாக்கறோம், உனக்குத்தான் புரிய மாட்டேங்குது," என்றார்.

ருசி அறையின் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், வரவேற்பறையில், மலைக்காரம்மா உட்கார்ந்திருந்தார். முடிவை மாலையில்தான் சொல்வது வழக்கம். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் குனிந்துகொண்டு போய்விட்டேன். எனக்கு என் மேலேயே எரிச்சலாக இருந்தது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அக்கா போன் செய்தாள். அவளுக்கு என்னிடம் பேச எப்போதும் ஒரு காரணம்தான், அவள் புருஷன்.

"உங்க அத்தான் ஏதாவது சாப்பிட்டாரா?" என்றாள். "சூடா எதையும் வாயில வைக்கக்கூடாதுன்னு பல் டாக்டர் சொல்லியிருக்கார். கடவாய்ப்பல்லுக்கு ரெண்டு ஊசி போட்டிருக்கு. சாயந்தரம் வரைக்கும் மரத்துத்தான் இருக்குமாம். உதட்டைக் கடிச்சுக்கப் போறார், கொஞ்சம் பாத்துக்கோ."

எப்போது போட்ட ஊசி என்று கேட்டேன். காலையில், வேலைக்கு வருகிற வழியில் என்றாள். லீவு போடச் சொன்னாளாம். தான் இல்லாவிட்டால் ருசி அறை நடக்காது என்று சொல்லிவிட்டுப் போனாராம். நான் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்தேன்.

அவர் தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கன்னம் லேசாகத் தொங்கியிருந்தது. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு, நாக்கு மரத்துப்போன மனுஷன் எந்தத் தைரியத்தில் கரண்டியைத் தூக்கினீர்கள் என்று கேட்டேன். அவர் முதலில் மழுப்பினார். பாதிப் பக்கம்தான் மரத்திருக்கிறது என்றார். மூக்கு நன்றாக இருக்கிறதே என்றார். புளிப்பையும் இனிப்பையும் மூக்காலா அளப்பீர்கள் என்றேன். அவர் பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து தன் தாளை எடுத்து நீட்டினார். அதில் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை.

"எனக்கு ஒண்ணுமே தெரியலை. வெந்நீர் மாதிரிதான் இருந்துச்சு," என்றார். வார்த்தை ஒரு பக்கமாகச் சரிந்து சரிந்து வந்தது. "அதனாலதான் மார்க் போடலை. தப்பா போடறதுக்குப் போடாம இருக்கறது நியாயம்தானே? மத்தவங்க இருக்காங்க, அவங்க பாத்துக்குவாங்கன்னு விட்டுட்டேன். நான் யாரையும் கெடுக்கலையே."

அந்த வெற்றுத்தாளைப் பார்த்ததும் எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. அவர் கெட்டவராக இருந்திருந்தால் நிம்மதியாகத் திட்டியிருப்பேன். இந்த மனிதர் நேர்மையாக நடந்திருக்கிறார். ஏன் எழுதவில்லை என்பதை மட்டும் வாயைத் திறந்து சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லை மிச்சம் பிடித்ததால் நாளைக் காலை ஒரு மலைச்சரிவே மொட்டையாகப் போகிறது.

அவர்கள் யாரும் காப்பியை ருசிக்கவில்லை, உங்களைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று சொன்னேன். நீள இழுப்பையும் குட்டை இழுப்பையும் விளக்கினேன். இரண்டையும் உறிஞ்சியே காட்டினேன். கோபத்தில் குரல் ஏறிவிட்டது, வெளியே கேட்டிருக்கும். பெரிய நாக்கு வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு அவமானமாக இருக்கும், உடைந்துபோவார் என்று பயந்தேன். அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

"நெஜமாவா? என் சத்தத்தை வச்சா எல்லாரும் மார்க் போடறாங்க?" என்றார். பாதி வாயால் சிரிப்பு வேறு.

தலையில் அடித்துக்கொண்டேன். மலைக்காரம்மாவையும் தம்பியையும் ரம்பத்தையும் சொன்னேன். மறுபடியும் ருசி வைக்க வேண்டும், நீங்கள் இந்த அறையை விட்டு வரக்கூடாது, அவர்கள் ஒவ்வொருவராகத் தனித்தனியே வந்து ருசிக்கட்டும் என்றேன். ஊசி விஷயம் வெளியே தெரிந்தால் இத்தனை வருஷம் கொடுத்த முத்திரை எல்லாவற்றையும் சந்தேகப்படுவார்கள் என்று கெஞ்சினார். முதலாளியிடம் போவேன் என்றேன். அதற்கு அவர் அவ்வளவாக அசையவில்லை. ஊசி போட்ட வாயில் சூடான காப்பியை வைத்ததை அக்காவிடம் சொல்வேன் என்றதும் ஒப்புக்கொண்டார். காலையில் தண்ணீர் சரியாகக் கொதிக்கவில்லை, அதனால் மறு ருசி என்று மற்றவர்களிடம் சொல்லச் சொன்னார். அந்தப் பொய்யைச் சொல்ல எனக்கு நாக்கு கூசியது. மரங்களை நினைத்துச் சொன்னேன்.

தண்ணீர் கொதித்தது. பொடியை நானே அரைத்தேன், கோப்பைகளை நானே வைத்தேன். முதலில் டீக்காரரை மட்டும் உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினேன். அவர் கரண்டியை எடுத்து ஒரு கோப்பையில் உறிஞ்சினார். நின்றார். இன்னொரு கோப்பையில் உறிஞ்சினார். என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். திருவிழாக் கூட்டத்தில் அப்பா கையை விட்ட குழந்தை போல் விழித்தார்.

"சார் வரலையா?" என்றார்.

வரமாட்டார், நீங்கள் போடுங்கள் என்றேன். பேனாவைத் திறந்தார், மூடினார், மறுபடியும் ஒரு கோப்பையை முகர்ந்தார். எழுபது என்று எழுதி அடித்தார். தொண்ணூற்றைந்து என்று எழுதி அதையும் அடித்தார். ஆவி அடங்கிக்கொண்டே வந்தது. எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. முப்பது வருஷம் வாயில் ஊற்றி ஊற்றித் துப்பியவர், தனக்கு முன்னால் இருப்பது நல்லதா கெட்டதா என்று தெரியாமல் வியர்த்துக்கொண்டிருக்கிறார். நீங்களே குடித்துப் பாருங்கள், பிடிக்கிறதா என்று மட்டும் சொல்லுங்கள் என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். அது எப்படிம்மா அப்படிச் சொல்ல முடியும் என்றார்.

அப்போது கதவு திறந்தது. பெரிய நாக்கு வந்தார். அவருக்குப் பின்னால் மாப்பிள்ளையும் கண்ணாடியக்காவும். ரொம்ப நேரமாகிறது, காப்பி ஆறிவிடும் என்று பொதுவாகச் சொன்னார். என்னைப் பார்த்து யாருக்கும் தெரியாமல் கண்ணைச் சிமிட்டினார். எனக்கு உடனே புரிந்துவிட்டது. வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். டீக்காரரோடு தனியாக இருந்தவரை விதியை மீறிப் பேசினேன், எல்லோர் முன்னாலும் தலையைத்தான் ஆட்ட முடிந்தது.

அவர் கரண்டியை எடுத்தார். முதல் கோப்பையில் முக்கினார். அப்படி ஒரு உறிஞ்சலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. துணியைக் கிழித்ததா, கூடாரத்தையே கிழித்ததா. கண்ணை மூடிக்கொண்டார். உடனே இன்னொன்று, முன்னதைவிட நீளம். போதாதென்று மூன்றாவது. அடுத்த கோப்பைக்குப் போய் அங்கேயும் மூன்று. மரத்த உதடு மூடவில்லை. இடது வாயோரத்திலிருந்து காப்பி ஒழுகித் தாடைவழியாகச் சட்டைக் காலரில் இறங்கியது. அவருக்குத் தெரியவில்லை. மற்ற மூவரும் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்கள். பேனாக்கள் கிளம்பின. டீக்காரரின் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

அந்த நேரத்தில் நான் சுவரில் எழுதியிருப்பதையும் மீறி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இவருக்கு எதுவும் தெரியவில்லை, இவர் நடிக்கிறார், எல்லோரும் கரண்டியைக் கீழே வையுங்கள் என்று கத்தியிருக்கலாம். வாய்வரை வந்தது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மலைக்காரம்மா எழுந்து நின்றுகொண்டிருந்தார். கையில் போன். நான் கத்தினால் இந்த ருசியும் செல்லாது, காலையில் வந்த எழுபத்தாறுதான் நிற்கும். மற்றவர்கள் பொய்யாகப் போடுகிற தொண்ணூறு இந்தக் காப்பிக்கு உண்மையாகவே உரியது. அதைத் தட்டிவிட எனக்கு எந்த உரிமையும் இல்லை. வாயை மூடிக்கொண்டு, காலையில் எழுதிய அதே தொண்ணூற்றிரண்டை எழுதிக் கவிழ்த்தேன். அவ்வளவு கோபத்தோடு ஒரு சரியான எண்ணை நான் எழுதியதே இல்லை.

மாப்பிள்ளை வாசித்தார். தொண்ணூற்றொன்று. தொண்ணூற்றிரண்டு. தொண்ணூற்றிரண்டு. என்னுடையது தொண்ணூற்றிரண்டு. பெரிய நாக்கு இந்த முறை தாளை வெறுமையாக விடவில்லை, தொண்ணூற்றிரண்டு. தண்ணீர் சூடு எவ்வளவு முக்கியம் பார்த்தீர்களா என்று கண்ணாடியக்கா வியந்தார். காலையில் ஈரச்சாக்கு அடித்த மாப்பிள்ளைக்கு இப்போது ஆரஞ்சு வாசனை வந்ததாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மலைக்காரம்மாவை உள்ளே கூப்பிட்டுச் சொன்னார்கள். அவர் அங்கேயே தம்பிக்கு போன் செய்தார். எதுவுமே விளக்காமல், ஆளுங்களை வரவேண்டாம்னு சொல்லிடு என்று மட்டும் சொன்னார். போனை வைத்த பிறகுதான் அழுதார். நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். மரங்கள் நின்றுவிட்டன என்ற சந்தோஷத்தில் எனக்கும் கண் நிறைந்தது. ஆனால் அவர் என் கையை விலக்கிவிட்டு நேராகப் பெரிய நாக்கிடம் போய்க் கும்பிட்டார்.

"உங்க நாக்குல தெய்வம் இருக்குங்க ஐயா," என்றார். "எங்க அப்பா வச்ச மரத்தோட அருமை உங்க ஒருத்தருக்குத்தான் தெரிஞ்சிருக்கு."

அவர் மறுக்கவில்லை. உங்கள் காப்பி பேசியது, நான் கேட்டேன், அவ்வளவுதான் என்று அடக்கமாகச் சொன்னார். மூன்று பேரும் தலையாட்டினார்கள். என் நெஞ்சு கொதித்தது. இந்த அம்மாள் ஊருக்குப் போய் இதைத்தான் சொல்வார். தம்பியிடம், பக்கத்துத் தோட்டக்காரர்களிடம், அடுத்த வருஷம் மூட்டையோடு வரப்போகிற எல்லோரிடமும் சொல்வார். எல்லோரும் இந்த நாக்கை நம்பிப் பஸ் ஏறி வருவார்கள். வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

பெரிய நாக்கு என் பக்கம் திரும்பினார். எல்லோர் முன்னாலும் என் முதுகில் தட்டினார். எனக்கு ஒரு பெரிய உதவி செய்துவிட்ட பூரிப்பு அவர் முகத்தில் தெரிந்தது.

"இன்னைக்குத்தாம்மா உன் நாக்கு எல்லாரோடயும் சேந்து வந்திருக்கு," என்றார். "இனிமே அந்தத் தனி ரூமுக்கெல்லாம் நீ போக வேண்டாம்."

இடது தாடையில் காப்பி இன்னும் ஈரமாக மினுங்கியது. காலரில் ஒரு கறை. டீக்காரர் அதைப் பார்த்துவிட்டுச் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். கண்ணாடியக்கா கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். மலைக்காரம்மா கும்பிட்ட கையை இறக்கவில்லை. அங்கே அவரை சார் என்று கூப்பிட எனக்கு அதற்கு மேல் மனம் வரவில்லை.

"அத்தான்," என்றேன், "வாயைத் தொடைங்க."

அவர் கைக்குட்டையை எடுத்து, உணர்ச்சி இருந்த பக்கத்தைத் துடைத்துக்கொண்டார்.